வீட்டு மனையைப் பிரிக்கிறீர்களா? எல்லைக்கோட்டைக் கடைசியில் போடுங்கள்

கேள்வி இதுதான். 20 மீட்டர் அகலம், 50 மீட்டர் ஆழத்தில் ஒரு மனை. முன்பாதியில் பழைய வீடு, பின்பாதி முழுக்கக் காலி. அதை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து, ஒன்றை விற்று, இன்னொன்றில் மகளுக்கு வீடு கட்டிக்கொடுக்க நினைக்கிறார் கேட்டவர். காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்துவிட்டாராம், பரப்பளவு சரியாகத்தான் வருகிறதாம். அடுத்து என்ன செய்வது என்று கேட்கிறார்.

முதலில் அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள். பல வருடங்களாக மனை அளக்கும் வேலையில் இருக்கிறேன். பரப்பளவு போதாமல் நின்றுபோன பிரிப்புகளைவிட, வழியாலும் தண்ணீராலும் நின்றுபோனவற்றைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பின் மனைக்கு வண்டி எப்படி உள்ளே வரும், அங்கிருந்து மழைநீரும் கழிவுநீரும் எப்படி வெளியே போகும் என்ற இரண்டும் முடிவாகிவிட்டால், எல்லைக்கோடு எங்கே வரவேண்டும் என்பது கிட்டத்தட்ட தானாகவே தெரிந்துவிடும். கோட்டை முதலில் போட்டுவிட்டு வழியைத் தேடினால், போட்ட கோட்டுக்காக வீட்டை இடிக்க வேண்டிய நிலைமைகூட வரும்.

உங்கள் மனையின் அளவையே எடுத்துக்கொள்வோம். இது உலகத்தில் பல ஊர்களில் காணப்படும் அளவு. ஆங்கிலேயர்கள் அளந்து போட்ட ஊர்களில் 66 அடி நீளச் சங்கிலிதான் அளவுகோல். ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் கன்டர் 1620 வாக்கில் உருவாக்கியது அது, மீட்டரில் 20.12 வரும். ஒரு சங்கிலி அகலம், இரண்டரைச் சங்கிலி ஆழம் என்றால் சரியாகக் கால் ஏக்கர், அதாவது சுமார் 1,012 சதுர மீட்டர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ‘கால் ஏக்கர் மனை’ என்று பேச்சுவழக்கிலேயே நிலைத்துவிட்ட அளவு இது. அங்கெல்லாம் இப்படிப்பட்ட மனைகளைத்தான் பல பத்தாண்டுகளாகப் பிரித்து வருகிறார்கள். அதனால் இதில் எது சரிப்படும், எது சரிப்படாது என்பது நன்றாகவே தெரிந்த விஷயம்.

முன்னால் வீடு, பின்னால் காலி நிலம் என்றால் பின் மனைக்குத் தெருவிலிருந்து ஒரு நீண்ட சந்து விட வேண்டும். மேலிருந்து பார்த்தால் கோடாலியும் அதன் காம்பும் போல இருக்கும் என்பதால் ஆஸ்திரேலியாவில் இதைக் கோடாலி மனை என்பார்கள், அமெரிக்காவில் கொடி மனை. அந்தக் காம்பை 4 மீட்டர் அகலமாக வையுங்கள். முன் மனையின் ஆழம் 25 மீட்டர் என்றால் காம்பு மட்டும் 100 சதுர மீட்டரைத் தின்றுவிடும். முன் மனைக்கு 16-க்கு 25, அதாவது 400 மிஞ்சும். பின் மனை 500, காம்போடு சேர்த்தால் 600. காகிதத்தில் பார்த்தால் பின் மனைதான் பெரியது. ஆனால் பல இடங்களில் குறைந்தபட்ச மனை அளவைக் கணக்கிடும்போது காம்பின் பரப்பைச் சேர்க்க மாட்டார்கள். வீடு கட்ட உதவாத நிலம் அது. உங்கள் பகுதியின் குறைந்தபட்சம் 500 என்று இருந்தால் பின் மனை விளிம்பில் நிற்கிறது, முன் மனை தேறவே இல்லை. குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். காம்பு அதில் சேருமா சேராதா என்பதையும், தெருமுகப்பு, அதாவது மனை தெருவைத் தொடும் அகலம், எத்தனை மீட்டர் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்தக் குறைந்தபட்ச அளவு ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறக்கூடியது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 1998-இல் நகரின் உள்வட்டத்தில் 5,000 சதுர அடியாக இருந்த குறைந்தபட்சத்தை 1,400 வரை இறக்கியது. ஒரு வீடு இருந்த இடத்தில் மூன்று ஒல்லியான அடுக்கு வீடுகள் எழும்பின. 2013-இல் அதை நகரின் மற்றப் பகுதிகளுக்கும் விரித்தார்கள். கலிபோர்னியாவில் 2022 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த சட்டம், தனி வீட்டுப் பகுதிகளில்கூட ஒரு மனையை இரண்டாக்க வழி செய்தது. ஆனால் சிறிய துண்டு மொத்தத்தில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நம் கணக்கில் 400-க்கு 600 என்று வருவது அந்த விதியில் நூலிழையில் தேறும், காம்பை இன்னும் அரை மீட்டர் அகலமாக்கினால் தேறாது. பக்கத்துத் தெருக்காரர் பத்து வருடத்துக்கு முன் பிரித்தார் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவர் பிரித்தபோது இருந்த விதி வேறாக இருக்கலாம், உங்களுக்குச் சாதகமாகவும் மாறியிருக்கலாம்.

சரி, காம்பு எங்கே போகும்? உங்கள் வீட்டுக்கும் பக்கவாட்டுச் சுவருக்கும் நடுவில் எங்கே இடைவெளி அதிகமோ அங்கேதான். வீடு 12 மீட்டர் அகலம், ஒரு பக்கம் 2 மீட்டரும் மறுபக்கம் 6 மீட்டரும் காலி என்று வைத்துக்கொண்டால், 4 மீட்டர் காம்பு போக வீட்டுச் சுவருக்கும் புது எல்லைக்கும் நடுவே 2 மீட்டர் மிஞ்சும். இந்த 2 மீட்டரை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சுவரிலிருந்து அளந்தால் 2 மீட்டர், சன்ஷேடு விளிம்பிலிருந்து அளந்தால் ஒன்றரைகூட இருக்காது. அந்தப் பக்கம் ஏசி வெளிப்பெட்டியோ மாடிப்படியோ நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் குறையும். எல்லைக்கு மிக அருகில் வரும் சுவரில் ஜன்னல் இருக்கக் கூடாது, இருந்தால் தீத்தாங்கும் கண்ணாடி போட வேண்டும் என்பது போன்ற விதிகளும் பல இடங்களில் உண்டு. பிரிக்கும் அந்த நாள்வரை விதிப்படி நின்ற வீடு, நீங்கள் போட்ட கோட்டினாலேயே விதி மீறிய வீடாகிவிடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

காம்புக்கு 3 மீட்டர் போதாதா என்று எல்லோருமே கேட்பார்கள். கார் போக 3 மீட்டர் போதும். தீயணைப்பு வண்டிக்குப் போதாது. இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டுதல், தீயணைப்பு வண்டி போகும் பாதைக்கு 3.7 மீட்டர் அகலம் கேட்கிறது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து வீட்டின் எந்த மூலையும் 45 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் தீ விதித்தொகுப்பு 150 அடி என்கிறது. அதுவும் அதே 45 மீட்டர் சொச்சம்தான், ஆனால் பாதை அகலம் 20 அடி. உங்கள் மனையின் ஆழம் 50 மீட்டர். வண்டி தெருவிலேயே நின்றால் பின் வீட்டின் கடைசி மூலைக்குக் குழாய் எட்டாது. எட்ட வேண்டுமென்றால் வீட்டைச் சற்று முன்னே தள்ளிக் கட்ட வேண்டும், அல்லது வண்டி உள்ளே வரும் அகலத்தில் பாதை விட வேண்டும், அல்லது தானாகத் தண்ணீர் பீய்ச்சும் தெளிப்பான்களுக்கு அனுமதி கேட்க வேண்டும். இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கோடு ஒரு மீட்டர் அங்கேயோ இங்கேயோ நகரும்.

பாதை யாருக்குச் சொந்தம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். காம்பைப் பின் மனையோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். அல்லது அதை முன் மனையிலேயே வைத்துக்கொண்டு பின் மனைக்காரருக்கு வழிப்பாத்தியம் மட்டும் எழுதித் தரலாம். இரண்டாவது வழியில் முன் மனையின் பரப்பு குறையாது, நம் கணக்கில் 500 அப்படியே நிற்கும். ஆனால் எழுதும்போது வெறுமனே ‘போக வர உரிமை’ என்று எழுதினால் போதாது. அகலம் எவ்வளவு, வண்டி நிறுத்தலாமா, அடியில் குடிநீர்க் குழாய், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் பதிக்கலாமா, பாதை பழுதானால் செலவை எந்த விகிதத்தில் பகிர்வது, இவ்வளவும் எழுத்தில் வந்து பதிவாக வேண்டும். இன்றைக்கு முன்னால் நீங்கள், பின்னால் உங்கள் மகள். நாளைக்கு இரண்டு பக்கமும் முன்பின் தெரியாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறோம் என்று நினைத்து எழுதுங்கள்.

மூன்றாகப் பிரிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய வீட்டை இடித்துவிட்டுத் தெருமுகப்பை மூன்றாக வகுந்தால் ஒவ்வொன்றும் 6.67 மீட்டர். இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் விட்டால் கட்டடத்துக்கு 3.67 மிஞ்சும். சுவர் கனமும் போனால் உள்ளே மூன்றேகால் மீட்டருக்கும் குறைவு. ரயில் பெட்டி மாதிரி இருக்கும். எல்லையிலேயே சுவர் எழுப்பவோ பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிரவோ விதி இடம் கொடுத்தால் மட்டும் மூன்றைப் பற்றி யோசியுங்கள்.

இனி தண்ணீர். நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான்.

கழிவுநீர்க் குழாய் வாட்டத்தை நம்பி ஓடுவது. 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 60 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் என்பது பரவலாகக் கேட்கும் அளவு. பின் வீட்டிலிருந்து தெருக் குழாய் வரை 45 மீட்டர் என்றால் முக்கால் மீட்டர் இறங்க வேண்டும். பின் வீட்டில் குழாய் தரைக்கு 40 சென்டிமீட்டர் கீழே தொடங்குகிறது, தரை முழுக்க ஒரே மட்டம் என்றால், தெருவுக்கு வரும்போது 1.15 மீட்டர் ஆழத்தில் இருக்கும். தெருவில் பிரதான குழாய் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஓடினால் கவலையில்லை. ஆனால் உங்கள் மனை தெருவிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து, கடைசியில் 1 மீட்டர் தாழ்ந்திருந்தால்? அதே குழாய் தெரு மட்டத்துக்கு 2.15 மீட்டர் கீழே வந்து சேரும். பிரதான குழாய் அதற்கு 65 சென்டிமீட்டர் மேலே ஓடிக்கொண்டிருக்கும். மேட்டுக்குத் தண்ணீர் தானாக ஏறாது.

அப்போது மூன்று வழிதான் உண்டு. பின் மனையை மண் கொட்டி உயர்த்தலாம். அப்படிச் செய்தால் எல்லையில் தாங்கு சுவர் வேண்டும், பக்கத்து மனைக்குத் தண்ணீரைத் தள்ளிவிடுகிறீர்கள் என்ற புகாரும் வரும். பம்பு வைத்து ஏற்றலாம். கரண்ட் போனாலும் பம்பு பழுதானாலும் கழிவுநீர் வீட்டுக்குள் எதிர்த்து வரும் என்பதால் இதை நான் கடைசியாகத்தான் சொல்வேன். அல்லது பின்பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்தின் ஓரமாகக் குழாய் பதித்து, தாழ்வான அடுத்த தெருவில் இணைக்கலாம். இருப்பதில் இதுதான் நல்ல வழி. ஆனால் அவர் சம்மதம் வேண்டும், அது வாய்ச்சொல்லாக இல்லாமல் பதிவாக வேண்டும். அந்தச் சம்மதத்துக்கு அவர் ஈடு கேட்டாலும் அதில் தவறில்லை, அவருடைய நிலம் அது. இந்தப் பேச்சைக் கோடு போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், அவர் மறுத்துவிட்டால் பல நேரம் மொத்தத் திட்டமும் அங்கேயே நின்றுவிடும் என்பதுதான்.

மழைநீரையும் பாருங்கள். இதுவரை பின்பாதி மண்ணாகக் கிடந்தது, பெய்ததில் பெரும்பகுதியைக் குடித்துவிட்டது. அங்கே கூரையும் சிமெண்டுத் தளமுமாக 250 சதுர மீட்டர் மூடினால், ஒரு மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் மழை பெய்யும்போது 10,000 லிட்டர் தண்ணீர் போக்கிடம் தேடும். இதைத் தேக்கி மெதுவாக விடுகிற தொட்டி வேண்டும் என்று அனுமதி தருபவர்கள் நிபந்தனை போடுவது இப்போது சகஜம். அந்தத் தொட்டிக்கு இடம் ஒதுக்கிய பிறகுதான் வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று சொல்ல முடியும்.

பழைய வீட்டின் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்பதும் இதோடு சேர்ந்தது. ஒரு அண்ணன் தம்பி இதேபோலப் பின்பாதியைப் பிரித்து விற்றார்கள். வாங்கியவர் அஸ்திவாரம் தோண்டியபோது இயந்திரத்தின் வாளி ஒரு சிமெண்டு மூடியில் மோதி அதை உடைத்துவிட்டது. பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்த இடம் அது. அடியில் முன் வீட்டின் செப்டிக் டேங்க், நாற்பது வருடமாக வேலை செய்துகொண்டிருந்தது. முன் வீட்டில் இருந்த அண்ணனுக்கே அது எங்கே இருக்கிறது என்று தெரியாது, கட்டியது அவருடைய அப்பா. அடுத்தவர் நிலத்தில் கழிவு இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் வேலை நின்றது, முன் வீட்டைத் தெருக் குழாயில் இணைக்கும் செலவு முழுக்க அண்ணன் தலையில் விழுந்தது, அந்தக் குடும்பத்தில் இன்றுவரை அதைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. என்னை அளக்கக் கூப்பிட்டதே அதற்குப் பிறகுதான். கழிவறையிலிருந்து வெளியே வரும் குழாயைப் பின்தொடருங்கள், ஒவ்வொரு ஆய்வுக் குழியையும் திறந்து பாருங்கள், குடிநீர் மீட்டரிலிருந்து வீடுவரை குழாய் எந்த வழியாகப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலைதான்.

இதற்குப் பிறகுதான் சர்வேயர் வேலை. வேலியோ காம்பவுண்டு சுவரோ எல்லை என்று நம்பிவிடாதீர்கள். சுவரை யாரோ ஒரு காலத்தில் வசதிக்குத் தக்கபடி எழுப்பியிருப்பார்கள். எல்லைக் கற்களைத் தேடி எடுத்து, பத்திரத்தோடும் பதிவான வரைபடத்தோடும் ஒப்பிட்டு அளந்தால், 20 மீட்டர் என்று நினைத்தது 19.80 ஆக இருக்கலாம். இரண்டாகப் பிரிப்பவருக்கு அந்த 20 சென்டிமீட்டர் பெரிதில்லை. காம்பை 4 மீட்டரும் பக்கவெளியை 2 மீட்டரும் வைத்து விளிம்பில் நிற்பவருக்கு எல்லாமே அதுதான். அளக்கும்போதே தரை மட்டத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். எல்லை மட்டும் உள்ள வரைபடத்தை வைத்து வாட்டத்தைக் கணக்குப் போட முடியாது.

பத்திரப் பக்கம். வீட்டின்மேல் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் ஒரு அடிகூட நகராது. அவருடைய ஈட்டில் பாதியை நீங்கள் வெட்டி எடுக்கிறீர்கள் அல்லவா, கடனில் ஒரு பகுதியை முதலில் அடைக்கச் சொல்வார். கூட்டு உரிமையாளர்கள் இருந்தால் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். தாய்ப் பத்திரத்தில் ‘ஒரு மனையில் ஒரே வீடு’ என்பது போன்ற கட்டுப்பாடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். திட்ட அதிகாரிகள் அனுமதி கொடுத்தாலும் அந்த வாசகம் தானாக ரத்தாகாது.

அனுமதி கிடைத்துவிட்டாலே மனை பிரிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வழிதான். ராபர்ட் டோரன்ஸ் 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்த பதிவு முறையும், அதைப் பின்பற்றிய நாடுகளின் முறைகளும் ஒரு விஷயத்தில் கறார்: பதிவேட்டில் தனி உரிமை ஏறும்போதுதான் புது மனை பிறக்கிறது. நிபந்தனைகளோடு அனுமதி வரும். பாதை, குழாய், தொட்டி என்று அந்த வேலைகளை முடிக்க வேண்டும். முடித்ததற்குச் சான்று வாங்கி, புது எல்லைக் கற்களை நட்டு, இறுதி வரைபடத்தைப் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். அனுமதிக்குக் காலக்கெடு உண்டு, அதற்குள் முடிக்காவிட்டால் காலாவதியாகும். இங்கே பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விற்கிற மனையின் பணத்தில் இந்த வேலைகளைச் செய்துகொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள். வேலை முடிந்து பதிவான பிறகுதான் விற்க ஒரு மனையே இருக்கும். அதுவரை செலவு உங்கள் கையிலிருந்துதான். முன்பணம் வாங்கி ஒப்பந்தம் போடுவதைச் சில இடங்களில் சட்டமே தடுக்கிறது. தடுக்காத இடத்திலும், பதிவு குறிப்பிட்ட தேதிக்குள் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று எழுதாமல் வாங்காதீர்கள். அளவை, விண்ணப்பம், பாதை, குழாய் இணைப்பு ஆகியவற்றின் செலவு மனை சிறிது என்பதற்காகக் குறையாது.

வரிக்கு ஒரு கணக்காளரை விற்பதற்கு முன் பாருங்கள். குடியிருக்கும் வீட்டை விற்றால் கிடைக்கும் வரிச்சலுகை, அதன் தோட்டத்தைத் தனியாக விற்றாலும் கிடைக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் காலி மனையாகப் பிரித்து விற்றால் அந்தச் சலுகை கிடையாது. பிரிட்டனில் வீட்டோடு சேர்த்து அரை ஹெக்டேர் வரை தோட்டத்துக்கும் உண்டு, ஆனால் வீட்டை முதலில் விற்றுவிட்டுத் தோட்டத்தைப் பிறகு விற்றால் போய்விடும். எதை முதலில் விற்கிறோம் என்பதே இவ்வளவு வித்தியாசம் செய்கிறது.

உங்கள் விஷயத்தில் என் கருத்தைக் கேட்டால், மூன்று வேண்டாம், இரண்டு போதும். பின் மனையில் மகளுக்குக் கட்டுங்கள், விற்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மகளுக்கு வீடு வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கம் என்றால், பிரிக்காமலே அதே மனையில் இரண்டாவது சிறு வீடு கட்ட அனுமதி உண்டா என்றும் விசாரியுங்கள். பல நகரங்களில் இப்போது உண்டு. மகள் பெயரில் தனி உரிமையோ தனிக் கடனோ தேவைப்படும்போது பிரித்தால் போதும். அப்படிச் செய்வதாக இருந்தால் வீடு கட்டும் இடத்தையும் குழாய்களையும் நாளைக்குப் பிரிக்கப்போகிற கோட்டை மனதில் வைத்து அமையுங்கள். பிரித்தால் பழைய வீடு எதையெல்லாம் இழக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்: வண்டி நிறுத்துமிடம், துணி காயும் வெயில், சமையலறை ஜன்னல் வெளிச்சம். அந்த வீட்டில் தொடர்ந்து இருக்கப்போவது நீங்கள்தான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. காம்பு போகப்போகிற பக்கத்தில், வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே எங்கே மிகக் குறுகலோ அங்கே, சன்ஷேடு விளிம்பிலிருந்து நேராகக் கீழே குண்டுநூல் விட்டு, அந்தப் புள்ளியிலிருந்து காம்பவுண்டு சுவர்வரை டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் நல்ல மழை பெய்கிறபோது குடையோடு பின்பக்கம் போய், தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று நின்று பார்த்து, அந்த இடங்களில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். சர்வேயர் வந்ததும் முதலில் அந்தக் குச்சிகளைக் காட்டுங்கள்.